ஹைதராபாத்திலிருந்து ஓர் அபாய அழைப்பு

முப்பத்து நான்கு வருடம் வயர்லெஸ் உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். டாக்ஸி கம்பெனி, ஓட்டல், செக்யூரிட்டி ஏஜென்சி, வாக்கி-டாக்கி என்று சொல்லும்வரை கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். படகுக்கும் கொடுத்தோம் என்றதும் சிரிப்பார்கள். ஹைதராபாத்தில் ஏது கடல்? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை, சந்தேகப்பட்டுக் கேட்டேன்.

போன மாதம் ஸ்ரவந்தி போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். தெலுங்குப் பெண். அவள் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "மேடம், இப்ப எல்லாமே போர்ட்டல்ல முடிஞ்சிடுது. வீட்டுக்குப் போய் செட்டைப் பாக்கறதெல்லாம் ஜனங்களுக்குத் தொந்தரவுதான்னு மேல சொல்றாங்க. நீங்க அத்தனை தடவை போனீங்களே, ஒரு தடவையாவது பிரயோஜனம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன். பிறகு, "தொந்தரவும் இருந்துச்சு" என்றேன். இரண்டும் ஒரே ஆளிடம் நடந்தவை. அதைப் போனில் சொல்ல முடியவில்லை.

என் அப்பா ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக வந்தவர். மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தோம். வீட்டில் வடாற்காட்டுத் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கனி உருதுவும். டிப்ளமோ முடித்ததும் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். ஆறு மாதப் பயிற்சியில் அலைவரிசை அளக்கும் மீட்டர்களைக் கையாளச் சொல்லிக் கொடுத்தார்கள். மனிதர்களை அளக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அதை ராவ் சாரிடம் பார்த்தேன்.

ராவ் சார் எங்கள் பிரிவின் அதிகாரி. மெட்ராஸில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். பாசத்தால் இல்லை. நாங்கள் பேசுவது மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காக என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எந்த ஃபைலையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். யாரையும் நேராகக் கேள்வி கேட்க மாட்டார். எதிரில் இருப்பவர் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்லி, பேனாவுக்கு மூடி போட்டு, மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஒரு நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். எதிராளி அந்த அமைதியை நிரப்புவதற்காகவே எதையாவது சொல்லிவிடுவார். அதற்காகத்தான் அவர் காத்திருப்பார்.

சேர்ந்த புதிதில் ஒரு ஓட்டலுக்குச் சோதனைக்குப் போனேன். பன்னிரண்டு வாக்கி-டாக்கிக்கு உரிமம் வாங்கியிருந்தார்கள். மேஜைமேல் பன்னிரண்டையும் வரிசையாக வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தேன். ராவ் சார் என் அறிக்கையைக் கடைசி வரியிலிருந்து படித்தார்.

"எல்லாம் சரியா இருந்ததா?"

"ஆமா சார்."

"எல்லாம் சரியா இருந்தா, யாரோ உக்காந்து சரி பண்ணியிருக்காங்க. செட்டை எண்ணாதம்மா. சார்ஜரை எண்ணு."

திரும்பப் போனேன். சுவரோரம் சார்ஜ் போடும் குழிகள் இருபது இருந்தன. மீதி எட்டு செட்டும் லினன் அறையில் துண்டுகளுக்கு அடியில் இருந்தன. அன்று அவரை மெச்சினேன். ஆனால் நான் சோதனைக்குப் போன இடங்களுக்கெல்லாம் அவர் பின்னாலேயே போன் செய்து, 'அந்த அம்மா நிஜமாவே வந்தாங்களா, எத்தனை மணிக்கு வந்தாங்க, டீ குடிச்சாங்களா' என்று விசாரிப்பார் என்பது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எரிந்தது. பத்து வருடத்தில் நானும் அப்படித்தான் ஆகியிருந்தேன்.

ஜெயசீலன் விண்ணப்பத்தோடு வந்தபோது எனக்கு ஓய்வுக்கு எட்டு வருடம் பாக்கி. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி முகவரி. மென்பொருள் கம்பெனியில் வேலை. தூத்துக்குடிக்காரர். பதினெட்டு அடிப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஏரியில் ஓட்டுவார். வருடத்தில் இரண்டு முறை டிரெய்லரில் கட்டிக் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்குவார். ஏரிக்கு ரேடியோ தேவையில்லை. கடலுக்குத் தேவை.

அந்த விதியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலில் போகும் படகில் ரேடியோ வைக்க உரிமம் வேண்டும். அதோடு அந்தப் படகுக்கென்று ஒன்பது இலக்கத்தில் ஓர் அடையாள எண் கொடுப்போம். நம் நாட்டு எண்கள் 419 என்று தொடங்கும். அந்த எண்ணை ரேடியோ செட்டுக்குள் பதிந்து வைப்பார்கள். செட்டின் முகப்பில் மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். ஆபத்து என்றால் மூடியைத் தூக்கி ஐந்து விநாடி அழுத்த வேண்டும். பேசவே வேண்டாம், செட் தானாக அந்த எண்ணைக் கரைக்கு அனுப்பிவிடும். கரையில் இருப்பவர்கள் எண்ணை வைத்து யாருடைய படகு, என்ன நிறம், வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்வார்கள். எண் படகுக்குச் சொந்தம், செட்டுக்கு இல்லை. செட்டை விற்றால் எண்ணை அழித்துவிட்டு எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். செட்டைச் செய்த கம்பெனியோ டீலரோதான் அதை அழிக்க முடியும். அதனால் பலர் அழிக்க மாட்டார்கள்.

ஜெயசீலன் கொண்டுவந்த ஃபைலில் வண்ண வண்ணமாகத் தாள் ஒட்டிப் பிரித்திருந்தது. படகின் பதிவு, செட் வாங்கிய ரசீது, ரேடியோ பேசுவதற்கான தேர்வுச் சான்றிதழ், படகை நாலு பக்கமிருந்து எடுத்த படம். ஒன்று குறையவில்லை. எனக்குச் சந்தேகப்பட அதுவே போதுமானதாக இருந்தது. யாரோ உட்கார்ந்து சரி பண்ணியிருக்கிறார்கள்.

ரசீதில் தேதியின் ஒரு எண் மேலெழுதித் திருத்தியிருந்தது. கடைக்காரர் கடிதம் கொண்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தார். கடற்கரை ஊர்க்காரர் ஏன் இந்த ஊரில் படகு வைத்திருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அப்படி ஒரு படிவமே கிடையாது. அவர் எழுதிக் கொடுத்தார்: "சின்ன வயதிலிருந்து பழக்கம்." அந்த வாக்கியத்தையும் நான் நம்பவில்லை. போலீஸ் விசாரணைக்கு அனுப்பினேன். நான்கு முறை அலுவலகத்துக்கு வரவழைத்தேன். கடைசியில் வீட்டுக்கே போனேன்.

வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை, அதற்குள் டிரெய்லர் மேல் படகு. படகின் பெட்டிகளையெல்லாம் திறக்கச் சொன்னேன். உயிர்காக்கும் மிதவை உடையைப் பிரித்துப் பார்த்தேன். செட்டைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகக் குறித்துக்கொண்டேன். பிறகு அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவர் மனைவியிடம் தனியாக, "உங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறப்போ கூட யார் யார் போவாங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். உள்ளேயிருந்து அவர்கள் மகள் தெலுங்கில், "மம்மி, இவங்க போலீஸா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஜெயசீலன் சொன்னார்: "மேடம், விதிப்படி போனா சுலபமா முடியும்னு நெனைச்சேன். நான் என்ன களவாண்டனா?"

அவர் குரல் அப்போதுதான் ஊர்த் தமிழுக்குப் போனது. ஐந்தாவது மாதம் எண்ணும் உரிமமும் வந்தன. தபாலில் அனுப்பினேன்.

இரண்டு வருடம் அவர் பெயரே காதில் விழவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும். கடற்கரை மீட்பு மையத்திலிருந்து போன். அங்கே பணியில் இருந்தவர் சலித்துப்போன குரலில் பேசினார். ஒன்பது நாற்பதுக்கு ஒரு அபாய அழைப்பு வந்ததாம். ஒரே ஒரு முறை. செட்டில் ஜி.பி.எஸ். இணைப்பு இல்லாததால் இடம் தெரியவில்லை, எண் மட்டும் வந்திருக்கிறது. பதிவில் இருந்த கைபேசிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். படகுக்காரர் எடுத்து, "வீட்ல செட்டைத் துடைச்சிட்டிருந்தேன், கை பட்டுடுச்சு, மன்னிக்கணும்" என்றிருக்கிறார்.

"பொய் அழைப்புன்னு முடிச்சிட்டோம். நீங்க அவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிடுங்க. எண்ணைச் சொல்றேன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பதிவேட்டில் தேடினேன். ஜெயசீலன், குகட்பள்ளி.

எனக்கு முதலில் வந்தது ஒரு திருப்தி. அதை ஒளிக்க விரும்பவில்லை. 'பார், நான் அன்றைக்கே நினைத்தேன்' என்ற திருப்தி. நோட்டீஸ் அடிக்கக் கணினியில் பழைய மாதிரிக் கடிதம் ஒன்றைத் திறந்தேன். 'தங்கள் இல்லத்தில் உள்ள செட்டிலிருந்து' என்று அடித்தபோது கை நின்றது.

இல்லம் எங்கே இருக்கிறது? குகட்பள்ளியில். காக்கிநாடா இங்கிருந்து ஓர் இரவு பஸ் தூரம். அந்த வகை ரேடியோ படகிலிருந்து கரைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் எட்டினால் அதிகம். குகட்பள்ளியில் பொத்தானை அழுத்தினால் பாலாநகரில் கேட்கலாம். கடற்கரையில் எப்படிக் கேட்கும்? மீட்பு மையத்தில் இருந்தவர் 'வீடு' என்றதும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. படகுக்காரன் வீடு கடலோரத்தில்தானே இருக்கும்? கொட்டகையைப் போய்ப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஜெயசீலனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"படகு எங்க இருக்கு?"

"வீட்லதான் மேடம். கொட்டகையில."

"செட்டு?"

"என் கையில இருக்கு மேடம். தெரியாம அழுத்திட்டேன். சாரி மேடம்."

வேறெதுவும் கேட்காமல் வைத்துவிட்டேன். பொய் சொல்கிறவரிடம் 'நீங்கள் சொல்வது பொய்' என்று போனில் சொன்னால் அடுத்த பொய்க்கு நேரம் கொடுத்த மாதிரி ஆகும்.

மீட்பு மையத்துக்குத் திரும்பப் போன் செய்து, முடித்ததைத் திறந்து வைக்கச் சொன்னேன். "உங்க அதிகாரி சொல்லட்டும் மேடம். படகு வீட்ல இருக்குன்னு சொந்தக்காரரே சொல்றார். இருக்கறதே ரெண்டு கப்பல். எந்தப் பக்கம் அனுப்பறது?" என்றார்.

ராவ் சார் அறைக்குப் போனேன். அவருக்கு அப்போது ஓய்வுக்கு ஐந்து மாதம்தான் பாக்கி. சொன்னதைக் கேட்டார். பேனாவுக்கு மூடி போட்டார்.

"வீட்ல இருக்கேன்னு சொல்றார்" என்றார் மெதுவாக.

"அங்கேருந்து அழுத்தினா கடல்ல கேக்காது சார்."

"கேக்காது. அப்ப ஆளு வீட்ல இல்ல. கடல்ல இருக்கார். ஏதோ பண்ணப் போயிருக்கார். தெரியாம பொத்தானை அழுத்திட்டார். போன் வந்ததும் வீட்ல இருக்கேன்னுட்டார்." கண்கள் பளிச்சென்று ஆயின. "உங்க சந்தேகம் கரெக்ட்தான் எஸ்தர். ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னீங்க."

அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அது தப்பான இடத்தில் வந்தது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. "சார், அவர் நிஜமாவே வீட்ல இருந்தா?"

"இருந்தா?"

"அப்ப அதே எண்ணோட இன்னொரு செட்டு கடல்ல இருக்கு. அழுத்தினவங்க யாருன்னே யாருக்கும் தெரியாது. யாரும் தேடவும் இல்ல."

ராவ் சார் ஒரு நிமிடம் பேசவில்லை. அந்த நிமிடத்தை நான் நிரப்பவில்லை. "போய்ப் பாருங்க" என்றார். "ஆளை உங்க கண்ணால பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நம்மால ஒரு கப்பல் சும்மா போய்ட்டு வந்தா, பதில் சொல்ல வேண்டியது நான்."

ஆட்டோக்காரரிடம், "பாய், ஜல்தி" என்று மட்டும் சொன்னேன். பாலாநகர் சிக்னலில் வண்டிகள் அசையவில்லை. "கைக்கு மேடம், ஆஸ்பத்திரியா?" என்று அவசரத்துக்குக் காரணம் கேட்டார். ஹவ், ஆமாம் என்றேன். பிறகு அவர் ஓட்டியது வேறு மாதிரி இருந்தது. வழி நெடுக என் மனதில் இரண்டு கணக்கு ஓடியது. கதவைத் திறப்பது அவராக இருந்தால் யாரோ தண்ணீரில் இருக்கிறார்கள். மனைவி திறந்து 'அவர் வெளியே போயிருக்கார்' என்றால் அவர் கடத்தல்காரர். உண்மையைச் சொல்கிறேன், மனைவி திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கதவைத் திறந்தது ஜெயசீலன்.

பனியன், கைலி. கையில் போன். என்னைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனது. மணி பதினொன்றே முக்கால்.

"செட்டைக் காட்டுங்க."

கொட்டகைக்குப் போனோம். படகு டிரெய்லர் மேல் இருந்தது. செட்டை எடுத்துக் கொடுத்தார். திரையில் அதே ஒன்பது இலக்கம். திருப்பிப் பார்த்தேன். ஃபைலிலிருந்து சீரியல் எண்ணை எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஸ்டிக்கரே புதிதாகப் பளபளத்தது.

"இது நான் பாத்த செட் இல்ல. அது எங்க?"

"இதுதான் மேடம்."

"சீரியல் நம்பர் வேற."

பேசாமல் நின்றார். ராவ் சார் மாதிரி நானும் சும்மா நிற்கலாம். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் அழைப்பு வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"சார், உங்க பழைய செட்டு இப்ப கடல்ல இருக்கு. அதை யாரோ அழுத்தியிருக்காங்க. நீங்க கை பட்டுடுச்சுன்னு சொன்னதால யாரும் தேடிப் போகல. யார்கிட்ட கொடுத்தீங்க?"

"அவர் சும்மா அழுத்திப் பாத்திருப்பார் மேடம்... விளையாட்டா..."

"அப்ப அவருக்குப் போன் போடுங்க."

கையிலிருந்த போனை என் முன்னால் நீட்டினார். திரையில் ஒரே பெயர் வரிசையாக இருந்தது. "பதினோரு தடவை போட்டுட்டேன். ஸ்விட்ச் ஆஃப்னே வருது." போனைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு மேடம். நான் சொன்னா என்னைய உள்ள தள்ளிருவாவ. எம்பிள்ளை இருக்கா."

அப்போதுதான் அந்த வார்த்தையைக் கொடுத்தேன். கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. "உங்க மேல நான் ஒரு வரி எழுத மாட்டேன். பேரைச் சொல்லுங்க."

சொன்னார். பிரசாத், வங்கியில் ஓய்வு பெற்றவர், காக்கிநாடாவில் சின்ன மோட்டார் படகு வைத்துப் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடப் போகிறவர். ஜி.பி.எஸ். இணைக்கும் வசதியுள்ள புது செட் வாங்கியதும் ஜெயசீலன் பழையதை அவருக்குக் கொடுத்துவிட்டார். எண்ணை அழிக்கவில்லை. உரிமம் வாங்கிக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

அவரிடம் பிரசாத் வீட்டு எண் இருந்தது. மனைவி எடுத்தார். தெலுங்கில் பேசினேன். அவரும் மச்சினரும் ஆறு மணிக்குக் கிளம்பினார்கள், ஒன்பதுக்கு டிஃபனுக்கு வருவதாகச் சொன்னார்கள், மீன் நிறையக் கிடைத்திருக்கும் போல, இன்னும் காணோம் என்றார். எந்தப் பக்கம் போவார்கள் என்று கேட்டேன். ஊருக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் தீவுக்கு வடக்கே என்றார். படகு என்ன நிறம் என்றேன். நீலம் என்று சொல்லிவிட்டு, "ஏன் கேக்கறீங்க?" என்றார். நான் அதற்கு என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

ராவ் சாரைக் கூப்பிட்டேன். "ஆளு வீட்ல இருக்கார் சார். கடல்ல ரெண்டு பேர். நீலப் படகு. தீவுக்கு வடக்கே." அவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. "வைங்க" என்றார். இரண்டே நிமிடத்தில் மீட்பு மையத்தில் பேசிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. கப்பல் போனதற்குத் தன் பெயரையும் பதவியையும் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொன்னாராம்.

நான் அங்கேயே இருந்துவிட்டேன். எங்கே போவது? ஜெயசீலனின் மனைவி கூடத்தில் நாற்காலி போட்டார். தண்ணீர் வைத்தார். ஜெயசீலன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒருமுறை மட்டும், "இந்த மாசத்துல மதியத்துக்கு மேல காத்து எறங்கும்" என்றார். கடலோரத்தில் வளர்ந்தவர், அவருக்குத் தெரியும். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மணிக்கு அந்த அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். நக்கோம்மா, வேண்டாம் என்று வாய்க்குள் சொன்னேன்.

இரண்டு இருபதுக்கு ராவ் சார் கூப்பிட்டார்.

"படகு கவுந்து கெடந்தது" என்றார். வழக்கம்போல் நிறுத்தினார். அந்த நிறுத்தத்துக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. "ரெண்டு பேரும் அது மேல தொத்திக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேரும் பேசறாங்க. ஒருத்தருக்குத் தோள் எறங்கியிருக்கு. அவ்வளவுதான்."

நான் ஜெயசீலனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை ராவ் சார் ஜெயசீலன் ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். "அறிக்கை எழுதிக் கொடுங்க. செட்டைக் கைமாத்தினது, மறைச்சது, அதிகாரிகிட்ட பொய் சொன்னது."

"நான் எழுத மாட்டேன் சார். எழுத மாட்டேன்னு சொல்லித்தான் அவர்கிட்ட பேரை வாங்கினேன்."

"சொல்லித்தான் வாங்கினீங்க" என்றார். பேனாவுக்கு மூடி. "அஞ்சு மாசம் அந்த ஆளை அலைய வெச்சீங்க. நேத்து ரெண்டரை மணி நேரம் அவர் வீட்ல உக்காந்திருந்தீங்க. இன்னைக்கு அவருக்காகப் பேசறீங்க."

இதில் எனக்கு என்ன ஆதாயம் என்று அவர் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அந்தப் பார்வையை எத்தனையோ பேர் மேல் அவர் பாய்ச்சிப் பார்த்திருக்கிறேன். நானே பாய்ச்சியிருக்கிறேன். அதற்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. நான் ஒன்றும் செய்யவில்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் எதையாவது சொல்லி விளக்க வேண்டும் போல வாய் துடித்தது.

அறிக்கையை அவரே எழுதிவிட்டார். விசாரணை வைத்தார். என்னைச் சாட்சியாகப் போட்டார்.

முடிவு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயசீலனின் உரிமத்தை ரத்து செய்து எண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் உயிர் பிழைத்ததாலும், கடைசியில் அவரே பெயரைச் சொன்னதாலும் வழக்கு வரை போகவில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். அவர் அதற்குப் பிறகு படகைக் கடலுக்குக் கொண்டுபோகவில்லை என்று கேள்வி. பிரசாத் குணமானதும் முறைப்படி விண்ணப்பித்தார். அவருக்கு வேறு ஒருவர் உரிமம் கொடுத்தார். அதிகாரம் இல்லாமல் வாக்குக் கொடுத்ததற்காக என் பணிப் பதிவில் ஒரு குறிப்பு ஏறியது. ராவ் சார் குறித்த நாளில் ஓய்வு பெற்றார். விடைபெறும் கூட்டத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

விசாரணை நடந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். ராவ் சார், வேறு அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, டைப்பிஸ்ட், ஜெயசீலன், நான். கேள்விகள் எல்லாம் எதிர்பார்த்தவைதான். கடைசியாக ராவ் சார், "செட்டைக் கொடுத்தப்பவே ஒரு கடிதம் போட்டிருந்தா எதுவுமே நடந்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

ஜெயசீலன் நீண்ட நேரம் தாங்கினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போட்டா இந்த மேடம் மறுபடியும் வீட்டுக்கு வருவாங்க சார். எம்பொண்டாட்டிய மறுபடி தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அதான் போடல."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்ததால் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார்.

டைப்பிஸ்ட் கையை விசைகளுக்கு மேல் வைத்துக்கொண்டு ராவ் சாரைப் பார்த்தார்.

"கவனக்குறைவுன்னு போடுங்க" என்றார் ராவ் சார்.

"அவர் சொன்னதைப் போடுங்க சார்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். ஜெயசீலனும்.

"அது உங்களுக்கு நல்லதில்ல எஸ்தர்."

"தெரியும் சார்."

"இதுல உங்களுக்கு என்ன கெடைக்கும்?" உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. என் முகத்தில் எதையோ தேடினார்.

"ஒண்ணும் கெடைக்காது. அவர் சொன்னது அதுதான்."

டைப்பிஸ்ட் அடித்தார். தாளை என் பக்கம் நகர்த்தினார். ஒரு முறை படித்தேன். இன்னொரு முறை படித்தேன். 'இந்த மேடம்' என்பதற்கு என் முழுப்பெயரைப் போட்டிருந்தார்கள், அதில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. திருத்தச் சொன்னேன். திருத்திய தாள் வந்ததும் சாட்சிக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.